சாவகர் என்பார் கேட்போர்: செவி மறுவாழ்வின் வரலாறு

பெயரில் உறையும் கேள்வி

சமண சங்கம் நான்கு பிரிவினை உடையது. துறவறத்தில் ஆடவரும் மகளிரும் இரு பிரிவினர். இல்லறத்தில் சாவகரும் சாவகியரும் இரு பிரிவினர். இல்லறத்தாரைக் குறிக்கும் 'சாவகர்' என்னும் பெயர் 'சிராவகர்' என்னும் சொல்லின் தமிழ் வடிவமாகும். கேட்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள். மதுரைக்காஞ்சி மதுரை மாநகரத்துச் சமணப் பள்ளியைப் பாடுமிடத்திலேயே சாவகர் இடம்பெறுகின்றனர். பிறந்த குடியாலோ, செய்யும் தொழிலாலோ, வாழும் நிலத்தாலோ பெயர் பெறுவது உலக வழக்கு. ஆனால் செவியின் செயலால் பெயர் பெற்ற மக்கள் சாவகர்.

சமண ஆகமத்துக்கு வழங்கும் பெயரும் 'சுருதம்' என்பதே. கேட்கப்பட்டது என்பது அதன் பொருள். பகவான் மகாவீரரின் அறவுரை கணதரர் செவியில் ஏறி, ஆசிரியர் வாயினின்று மாணாக்கர் செவிக்குப் பல தலைமுறைகள் கடந்து வந்தது. நினைவாற்றல் தேய்வதைக் கண்டு அஞ்சிய தரசேன ஆசாரியர், கிர்நார் மலையில் புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவரை அழைத்து, தாம் கேட்டறிந்ததை அவர்களுக்கு ஓதினார். அவர்கள் அதனை ஷட்கண்டாகமமாக ஏட்டில் இறக்கினர். அந்நாளைச் சுருத பஞ்சமியாகக் கொண்டாடும் மரபு இன்றும் உண்டு. கேட்கும் ஆற்றல் அழியின் அறமே அழியும் என்னும் அச்சத்தில் பிறந்த திருநாள் அது.

உயிர்களை ஓரறிவு முதல் ஐயறிவு வரை வகுக்கும் சமண நெறியில் மெய், நா, மூக்கு, கண் என்பனவற்றின் பின்னர் இறுதியாக வருவது செவி. தொல்காப்பிய மரபியலும் இதே வரிசையில் ஐந்தாம் அறிவாகச் செவியை வைத்து, அதன் மேல் மனத்தை ஆறாவதாக ஏற்றுகிறது. திருக்குறளில் கேள்விக்கென ஓர் அதிகாரமே உண்டு.

இத்தகைய மரபில் வந்த ஒருவருக்கு முதுமையில் செவி மந்தமாகும்போது, இழப்பு காதளவில் நிற்பதில்லை. செஞ்சி வட்டாரத்தில் மேல்சித்தாமூர், அகலூர், வீரணாமூர், பெரும்புகை, தாயனூர் போன்ற ஊர்களில் திருவிழாவும் அறவுரையும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. செவி மங்கிய முதியவர் முதலாண்டில் முன்வரிசைக்கு நகர்கிறார். அடுத்த ஆண்டில் சுவரோரம் அமர்கிறார். அதற்கடுத்த ஆண்டில் வீட்டிலேயே தங்கிவிடுகிறார். வீட்டாரும் "வயதாகிவிட்டது" என்று அமைகின்றனர். அவர் ஊரிலிருந்து விலகியது கால் தளர்ந்ததனால் அன்று, செவி தளர்ந்ததனால். இவ்விலகலைத் தடுப்பது எவ்வாறு என்பதை உலகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கற்றும் மறந்தும் மீண்டும் கற்றும் வந்துள்ளது. அந்த வரலாறு தமிழ்ச் சமணர் அறியத்தக்கது.

பள்ளிகளின் காலம்

இந்தியாவில் காது கேளாதோருக்கான முறையான கல்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியது. 1880-களின் நடுவில் பம்பாயிலும், 1893-இல் கல்கத்தாவிலும் பள்ளிகள் எழுந்தன. தமிழகத்தில் 1890-களில் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவைன்சன் என்னும் ஆங்கிலேய மாது தொடங்கிய பள்ளி, அவர் பெயரைத் தாங்கி இன்றும் நடைபெறுகிறது.

அக்காலத்துப் பள்ளிகளின் மேல் ஒரு பெரும் விவாதத்தின் நிழல் படிந்திருந்தது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, சைகை மொழியை விலக்கிப் பேச்சுப் பயிற்சியே முறை எனத் தீர்மானித்தது. அம்முடிவை எடுத்தோருள் மிகப் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். எவருடைய வாழ்வைப் பற்றிய முடிவோ அவர்களுடைய கருத்து அங்கே மேலோங்கவில்லை. அத்தீர்மானத்தால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்து அதனைத் தள்ளியது 2010-இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு. இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள். உதவி பெறுவோரைக் கேளாமல் உதவியை வகுப்பதன் விலை எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பள்ளிகள் யாவும் பிறவியிலேயே செவிப்புலன் இழந்த குழந்தைகளுக்கானவை. பேசிக் கேட்டு வாழ்ந்து, இடைவயதிலோ முதுமையிலோ கேள்வி குன்றியவர்க்கு எந்த நிறுவனமும் இருக்கவில்லை. அவர்கள் தமக்குத் தாமே துணையாக வேண்டியிருந்தது.

ஒருவருக்கொருவர் ஆசிரியராதல்

பதினான்காம் வயதில் கேள்வி இழந்த எட்வர்டு நிட்சி என்னும் அமெரிக்கர், 1903-இல் நியூயார்க்கில் உதட்டசைவைப் படிக்கக் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவரும் கேளாதவர், மாணாக்கரும் கேளாதவர். வகுப்பில் கூடியவர்கள் பாடத்தை மட்டும் கற்கவில்லை. கடையில் விலை கேட்பது எப்படி, பிறர் பேசும்போது எங்கே அமர்வது, புரியாதபோது புரிந்ததுபோல் தலையசைக்கும் பழக்கத்தை விடுவது எப்படி என்பனவற்றையும் ஒருவரிடம் ஒருவர் கற்றனர். அப்பள்ளியைச் சூழ்ந்திருந்தோரிடமிருந்து 1910-இல் நியூயார்க் செவிமந்தமுற்றோர் கழகம் உருவாயிற்று.

இரண்டாம் உலகப் போர் இம்முறையைப் பெருமளவுக்கு வளர்த்தது. பீரங்கியின் ஒலியால் செவி பழுதுற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பினர். அமெரிக்கத் தரைப்படை அவர்களுக்கென மூன்று மருத்துவமனைகளில் செவி மறுவாழ்வு மையங்களை அமைத்தது. அவற்றுள் பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் நகரின் டெஷான் மருத்துவமனையில் பணியாற்றியவர் ரேமண்ட் கார்ஹார்ட். செவியியல் என்னும் துறையின் தந்தை என்று பின்னாளில் போற்றப்பட்டவர் அவரே.

அங்கே ஒரு வீரர் ஏறத்தாழ எட்டு வாரம் தங்கினார். செவித்துணைக் கருவியைத் தேர்ந்து பொருத்துவது பயிற்சியின் ஒரு பகுதியே. எஞ்சிய நாள்களில் சிறு குழுவாக அமர்ந்து உதட்டசைவு படித்தல், கருவி வழியே வரும் ஒலிகளைப் பிரித்தறியப் பழகுதல், பேச்சு குலையாமல் காத்தல் ஆகியவற்றைப் பயின்றனர். தம்மைப் போலவே செவி இழந்த பலரை ஒரே கூடத்தில் காண்பது வெட்கத்தைக் குறைத்தது. "எனக்கு மட்டும்" என்னும் எண்ணம் அகன்ற பின்னரே பயிற்சி பிடிபட்டது. செவியியல் குழுவின் நடுவே பிறந்த துறை என்பது மறக்கத்தகாத உண்மை.

கருவி வந்தது, குழு மறைந்தது

1950-களின் தொடக்கத்தில் டிரான்சிஸ்டர் பொருத்திய செவித்துணைக் கருவிகள் சந்தைக்கு வந்தன. சட்டைப் பையில் பெட்டியாகவும் கழுத்தில் கம்பியாகவும் தொங்கிய பாரம், காதின் பின்புறம் ஒளியும் அளவுக்குச் சுருங்கியது. போர்க்கால மையங்கள் மூடப்பட்டன. சோதிப்பது, பொருத்துவது, அனுப்புவது என்று பணி சுருங்கிற்று. கருவி நுட்பமாக ஆக ஆக, மனிதரோடு செலவிடும் நேரம் குறைந்தது.

இதன் விளைவை இன்று பல வீடுகளின் அலமாரிகள் அறியும். "காது மிஷின்" என்று ஊரில் வழங்கும் அக்கருவி, பிள்ளைகள் அன்போடு வாங்கித் தந்த பின் சில வாரம் காதில் இருந்து, பிறகு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. பணம் வீணென்று பிள்ளைகள் வருந்துகின்றனர். இரைச்சல் தாங்கவில்லை என்று பெற்றோர் வருந்துகின்றனர். இருவர் கூற்றும் உண்மையே.

உள்செவியில் நத்தைக் கூடு போன்ற காக்ளியாவில் பிறவியில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. முதுமையில் முதலில் தேய்வன உயர்ந்த சுருதியை உணரும் அணுக்கள். ஆகவே ஒலி கேட்கும், சொல் தெளியாது. 'சட்டி' என்றாலும் 'தட்டி' என்றாலும் ஒன்றாகவே தோன்றும். கருவி ஒலியைப் பெருக்கலாம். சொல்லைத் தெளிவிக்கும் பணியில் பாதி மூளையினுடையது. பல ஆண்டுகள் பழகாத ஒலிகளை மூளை மீண்டும் பழகுவதற்கு நாளும் பொறுமையும் உடனிருப்போரும் தேவை. கருவி மட்டும் தருவது, எழுத்தறியாதவர்க்கு ஏடு மட்டும் தருவதை ஒக்கும்.

நோயாளரை நடுவில் வைத்தல்

மருத்துவ உலகில் 'நோயாளரை மையமாகக் கொண்ட மருத்துவம்' என்னும் சொல்லாட்சியை 1969-இல் ஒரு கட்டுரையின் வழியே நிலைபெறச் செய்தவர் எனித் பாலிண்ட் என்னும் பிரித்தானிய உளவியலாளர். அவரும் அவர் கணவர் மைக்கேல் பாலிண்டும் இலண்டனில் பொது மருத்துவர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி, தாம் கண்ட நோயாளர்களைப் பற்றி ஒருவரோடொருவர் பேசச் செய்தனர். நோயை மட்டும் நோக்காது, அந்நோயோடு வாழும் மனிதரையும் நோக்கவேண்டும் என்னும் தெளிவு அக்குழுக்களின் உரையாடலில் விளைந்தது. நோயாளரை மையமாகக் கொண்ட முறையும் குழுக் கற்றலும் ஒரே நிலத்தில் வளர்ந்தவை.

செவித் துறையில் இதனை மீட்டவர்கள் செவி இழந்தோரே. 1979-இல் அமெரிக்காவில் ஹோவர்டு ஸ்டோன் என்பவர், படைப்பணியில் கேள்வி இழந்த தம் அனுபவத்தின் வழியே, செவிமந்தமுற்றோர் தமக்குத் தாமே உதவும் அமைப்பொன்றை நிறுவினார். ஊர்தோறும் கூடிப் பேசும் கிளைகள் அதன் அடித்தளம். 2007-இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்ட ஐடா நிறுவனம், நோயாளரிடம் கேட்கவேண்டிய கேள்விகளைச் செவியியலாளர்க்குக் கற்பிப்பதையே பணியாகக் கொண்டது. "உமக்கு எத்தனை டெசிபல் குறைவு?" என்பதோடு நில்லாமல், "யார் பேச்சைக் கேட்க முடியவில்லை என்பது உமக்கு மிகுந்த வருத்தம் தருகிறது?" என்று வினவும் முறை அது. முதல் வினாவுக்குக் கருவி விடை சொல்லும். இரண்டாம் வினாவுக்கு அம்மனிதரே விடை சொல்லவேண்டும். ஒரு பொருளை ஒரு கோணத்தில் மட்டும் கண்டு முடிவு கட்டாத அநேகாந்த நெறியில் வளர்ந்தவர்க்கு இது புதிதன்று.

ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஹிக்சன், லிண்டா வோரல், நெரினா ஸ்கேரின்சி ஆகியோர் வகுத்த குழுப் பயிற்சி இவ்வரலாற்றின் முக்கியமான கட்டம். அதன் பயனை ஆராய்ந்த அவர்களது ஆய்வு 2007-இல் வெளிவந்தது. வாரம் ஒரு முறை, இரண்டு மணி நேரம், ஐந்து வாரங்கள். சிறு எண்ணிக்கையிலான முதியோர், இயன்றவரை வாழ்க்கைத் துணையோடோ உறவினரோடோ வந்து அமர்வர். கருவி அணிந்தோரும் அணியாதோரும் வரலாம். முதல் நாளில் பாடம் இல்லை. எந்தச் சூழலில் இடர்ப்பாடு என்பதை ஒவ்வொருவரும் கூறுவர். இரைச்சலின் நடுவே உரையாடல், வீட்டுக்குள் அறைக்கு அறை பேசுதல், விரைந்தோ முணுமுணுத்தோ பேசுவோரோடு பழகுதல், அழைப்பு மணி போன்ற ஒலிகள், ஒலிபெருக்கி அறிவிப்பு என அவர்கள் கூறுவனவே அடுத்த வாரங்களின் பாடமாகும். ஒருவர் கண்ட வழியை மற்றவர் வீட்டில் முயன்று, மறுவாரம் வந்து விளைவைச் சொல்வார். நடத்துபவர் விடை கூறும் ஆசான் அல்லர், பேச்சை ஒழுங்குபடுத்துபவர்.

இதன் பயனைச் சான்று கொண்டு நோக்குதல் நலம். 2002-இல் அமெரிக்கப் படைமூத்தோரிடையே ஆப்ராம்ஸ் முதலியோர் செய்த ஆய்வு ஒன்று, கருவியோடு குழுப் பயிற்சியும் பெற்றவர்களிடம் வாழ்க்கைத் தரத்தில் ஓர் அலகு உயர்வுக்கு ஆன செலவு, கருவி மட்டும் பெற்றவர்களுக்கு ஆனதில் ஏறக்குறைய பாதியே எனக் கண்டது. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஹாக்கின்சின் 2005-ஆம் ஆண்டு மதிப்பீடு, குழுப் பயிற்சியால் தம் குறையைப் பற்றிய மனச்சுமை குறைகிறது என்றும், அப்பயன் குறுகிய காலத்துக்கேனும் தெளிவாகத் தெரிகிறது என்றும் கூறிற்று. நெடுங்காலப் பயன் வேண்டுமாயின் கூடுதலும் தொடரவேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம். ஐந்து வாரத்தோடு முடியும் வகுப்பைவிட, ஊரோடு ஒட்டிய கூட்டம் நிலைக்கும்.

தாயரும் மாணாக்கராகிய பள்ளி

இம்முறைக்குத் தமிழகத்திலேயே சிறந்த முன்மாதிரி உண்டு. 1969-இல் சென்னையில் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, செவிக்குறையுடைய இளங்குழந்தைகளுக்கான பள்ளி. அங்கே குழந்தையை விட்டுவிட்டுத் தாய் வீடு திரும்புவதில்லை. தாயும் உடன் அமர்ந்து, குழந்தையோடு எப்படிப் பேசுவது, எஞ்சிய கேள்வியை எப்படித் தூண்டுவது என்பதைக் கற்கிறாள். ஐந்து வயதளவில் அக்குழந்தையை ஊரின் பொதுப் பள்ளியில் சேர்ப்பதே குறிக்கோள். அப்பள்ளி உருவாக்கிய கற்பித்தல் முறைக்குத் 'த்வனி' என்று பெயர். அருகனது அறவுரையைத் 'திவ்யத்வனி' என்று போற்றும் மரபினர்க்கு அச்சொல் அணுக்கமானது.

புதிதாக வந்து கலங்கி நிற்கும் தாய், ஈராண்டுக்கு முன் வந்தவளின் குழந்தை வாய் திறந்து பேசுவதைக் கண்ணெதிரே காண்கிறாள். எந்த மருத்துவர் கூறும் ஆறுதலும் அக்காட்சிக்கு ஈடாகாது. குழுவின் ஆற்றல் இதுவே. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே இளங்குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை மருத்துவம் ஏழைக் குடும்பங்களுக்கும் எட்டியுள்ளது. அதன் பின்னர் வரும் கேள்விப் பயிற்சியின் வெற்றியும் வீட்டார் நாள்தோறும் பேசும் பேச்சையே பொறுத்துள்ளது.

குழந்தைகளுக்குத் தமிழகம் செய்த இதனை முதியோர்க்கும் செய்வது எஞ்சியுள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 150 கோடிப் பேர் ஏதேனும் ஓரளவு கேள்விக் குறைவுடன் வாழ்கின்றனர். அவருள் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வுச் சேவை தேவை. கருவியால் பயன்பெறக் கூடியவருள் அதனை உண்மையில் அணிவோர் 17 விழுக்காட்டினரே. மறதி நோயைப் பற்றி ஆராய்ந்த லான்செட் ஆணையம், தவிர்க்கக்கூடிய காரணிகளுள் கேள்விக் குறைவைத் தலையாய ஒன்றாகச் சேர்த்துள்ளது. பேச்சற்ற தனிமை மூளையையும் தேய்க்கிறது.

முன்னோர் அறிந்த துணை

குழுவாக நின்று ஒருவரைப் பேணுதல் செஞ்சி மண்ணுக்குப் புதியதன்று. ஊரை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைப் பதிவு செய்கிறது. அத்தகைய நோன்பு ஏற்றவரைத் தனியே விடுதல் மரபன்று. அவரைப் பேணும் துறவியரை 'நிர்யாபகர்' என்று குறிக்கும் பகவதி ஆராதனை, அவர்கள் 48 பேர் வரை இருக்கலாம் என்றும், காலம் வாய்க்காவிடின் இருவரேனும் இருத்தல் வேண்டும் என்றும் விதிக்கிறது. உடலைத் தாங்குவோர், வாயில் காப்போர், அறக்கதை கூறுவோர் எனப் பணிகள் பகுக்கப்பட்டன. நோற்பவரின் நிலைக்கும் வலிமைக்கும் ஏற்பவே பேச்சும் பணியும் அமைந்தன. ஒருவரை நடுவில் வைத்துப் பலர் கூடிப் பேணும் முறையை இதனினும் ஒழுங்காக வகுத்தல் அரிது.

ஔடத தானம் சமணத்தின் நால்வகைத் தானங்களுள் ஒன்று. சமணப் புலவர்களான காரியாசானும் கணிமேதாவியாரும் தம் அறநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்துகளின் பெயரையே சூட்டினர். இக்காலத்தில் ஒருவருக்குச் செவித்துணைக் கருவி வாங்கித் தருதல் ஔடத தானமே. ஆனால் அக்கருவியோடு வாழக் கற்பித்தல், அறிவைத் தரும் சாத்திர தானத்தையும், அஞ்சி ஒதுங்கியவர்க்கு அச்சம் நீக்கும் அபய தானத்தையும் ஒருங்கே நிறைவேற்றுவதாகும்.

முனிவர் ஒழுக்கத்தில் பேச்சடக்கத்தைக் குறிக்கும் பாஷா சமிதி, நன்மையானதும் அளவானதும் ஐயமற்றதுமான சொல்லையே பேசுக என்கிறது. செவி மங்கியவரோடு பேசுவோர் கைக்கொள்ளவேண்டிய நெறியும் இதுவே. உரக்கக் கத்துதல் ஒலியைச் சிதைக்கும்; முகத்தையும் கடுமையாக்கும். எதிரே அமர்ந்து, முகம் வெளிச்சத்தில் தெரிய, சற்றே நிதானமாகப் பேசுதல் போதும். 'பாலை' என்றாலும் 'மாலை' என்றாலும் உதடு ஒரே வகையாக மூடித் திறக்கும். உதட்டசைவு மட்டும் வேறுபாட்டைக் காட்டாது. "மாலைக்கு வருகிறேன்" என்பது புரியாவிடின் அதையே மும்முறை கூறுவதைவிட, "பொழுது சாயுமுன் வருகிறேன்" என்று சொல்லை மாற்றினால் உடனே விளங்கும். 'க' போன்ற எழுத்துகள் தொண்டையருகே பிறப்பதால் உதட்டில் தெரிவதே இல்லை. இவை தமிழ் பேசுவோர் தமக்குள் கூடிப் பழகினால் மட்டும் கைவரும் நுட்பங்கள். பிறமொழியில் எழுதப்பட்ட கையேடு இவற்றைக் கற்பிக்காது.

செஞ்சியில் செய்யத்தக்கன

இதற்கு வேண்டிய உறுப்புகள் பலவும் இப்பகுதியிலேயே உள்ளன. செஞ்சியில் அரசு மருத்துவமனையும், முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இயங்குகின்றன. வருவாய் குறைந்தோர்க்குக் கருவி வழங்கும் நடுவண் அரசுத் திட்டம் 1981 முதல் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு செவியிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தோரைக் கேள்விக் குறைவுடையோர் எனவும், 70 டெசிபலும் அதற்கு மேலும் இழந்தோரைச் செவிப்புலன் அற்றோர் எனவும் வகுத்துள்ளது. உரிய சான்றிதழுக்கு விழுப்புரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

இல்லாதது கூடிக் கற்கும் இடம். அதற்குக் கட்டடமோ பெரும்பொருளோ வேண்டா. ஊர்தோறும் ஜினாலயத்தை ஒட்டி மண்டபம் உண்டு. மாதம் ஒருமுறை, பகல் வெளிச்சம் இருக்கும்போதே, பத்துப் பேர் வட்டமாக அமர்ந்தால் போதும். வரிசையாக அமர்ந்தால் முன்னிருப்பவரின் முதுகே தெரியும். வட்டமாக அமர்ந்தால் எல்லோருடைய உதடும் தெரியும். ஒவ்வொருவரும் வீட்டார் ஒருவரோடு வருதல் வேண்டும். ஏனெனில் பேச்சின் ஒரு முனை அவர்களிடம் உள்ளது. கருவியைத் துடைப்பது, மின்கலம் மாற்றுவது, முதலில் அமைதியான அறையிலும் பின்னர் கூட்டத்திலும் சிறிது சிறிதாக அணிந்து பழகுவது ஆகியவற்றை ஏற்கெனவே தேறியவர் புதியவர்க்குக் காட்டலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் செவியியலாளர் ஒருவரை அழைத்துச் சோதனை நடத்தலாம். மார்ச்சு 3-ஆம் நாள் உலகக் கேள்வி நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதால் அந்நாள் அதற்குப் பொருந்தும்.

அறவுரை நிகழும் பெருமண்டபங்களில் இன்னொன்றும் இயலும். தரையைச் சுற்றி ஒரு கம்பி வளையம் பதித்து ஒலிபெருக்கியோடு இணைத்தால், டெலிகாயில் வசதியுள்ள செவித்துணைக் கருவி அணிந்தோர்க்கு உரை நேரே செவிக்குள் வந்து சேரும். மண்டபத்தின் எதிரொலியும் கூட்டத்தின் சலசலப்பும் இடையே வாரா. மேலை நாடுகளின் வழிபாட்டிடங்களில் இது நெடுநாளாக உள்ள வசதி.

நெல் அரவை ஆலையிலும் கல்லுடைக்கும் களத்திலும் உழைப்போர்க்கு இளமையிலேயே செவி தேயும் என்பதும், திருவிழாக்களில் ஒலிபெருக்கியின் அருகே குழந்தைகளை நிறுத்துதல் தகாது என்பதும் இவ்விடத்து நினைவிற் கொள்ளவேண்டியவை. போன கேள்வியை முழுதும் மீட்க இயலாது. இருப்பதைக் காத்தல் எளிது.

நிட்சியின் வகுப்பறை முதல் பால வித்யாலயா வரை இவ்வரலாறு கூறுவது ஒன்றே. கேள்வி காதில் மட்டும் நிகழ்வதன்று. பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே நிகழ்வது. ஆகவே அதன் பழுதைச் சீர்செய்யும் இடமும் இருவருக்கும் நடுவே உள்ளது. கருவியைக் கடையில் வாங்கலாம். துணையை ஊர்தான் தரவேண்டும். கேட்போர் என்னும் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தாங்கிவரும் ஒரு சமூகம், கேட்க இயலாமற் போன தன் முதியோரைச் சுவரோரத்திலிருந்து மீண்டும் முன்வரிசைக்கு அழைத்து வருமாயின், அதுவே அப்பெயருக்கு ஆற்றும் கடனாகும்.

அறம் வளர்க.